நடுவழியாக இருந்த தீவு: மன்னார் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கொழும்பிலிருந்து மன்னாருக்கு வீதி வழியே ஏறத்தாழ 315 கிலோமீற்றர். புத்தளம்வரை 130, அங்கிருந்து அனுராதபுரம் 75, மதவாச்சிக்கு இன்னும் 25, பிறகு ஏ14 வீதியில் 85. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கடல் வழியே சுமார் 30 கிலோமீற்றர்தான். அப்படியிருந்தும் தீவின் மீன், நண்டு, மின்சாரம், மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகள் எல்லாம் தெற்கு நோக்கியே போகின்றன. "ஒதுங்கிய மாவட்டம்" என்று அபிவிருத்தி அறிக்கைகள் வழமையாக எழுதும்போது, தூரமே காரணம் என்ற எண்ணம் வாசிப்பவருக்கு வந்துவிடுகிறது. தூரம் நூறு வருடமாக மாறவேயில்லை. தீவுக்கு இருந்த வாசல்களின் எண்ணிக்கைதான் மாறியது: இந்தியப் பக்கம் கப்பல் ஒன்று, கொழும்புப் பக்கம் பாலமும் ரயிலும் ஒன்று. 1914இல் இரண்டு, 1990இன் முடிவில் ஒன்றுகூட இல்லை, இன்றைக்கு ஒன்று. ஒரே வாசல் உள்ள இடத்தில் விலை, வேலை நாள், கூலி ஆகியவை எங்கே தீர்மானமாகின்றன என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

மணலும் இரண்டு கடலும்

தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீண்டு கிடக்கிறது. பரப்பு ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர். மன்னார் நகரத்திலிருந்து தலைமன்னார் இறங்குதுறைவரை 30 கிலோமீற்றர் அளவு. நிலம் தட்டையான மணல், ஆறு கிடையாது. பெருநிலத்தோடு சுமார் 3 கிலோமீற்றர் நீளத் தாம்போதியும் பாலமும் இணைக்கின்றன. ஆண்டு மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர்வரை கொட்டித் தீர்ந்துவிடும்.

அந்த மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் உப்புநீரைவிட நாற்பதில் ஒரு பங்கு அளவுக்கு இலேசு. ஆகவே கணக்குப்படி, கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்துக்குமேல் 1 சென்ரிமீற்றர் குறைந்தால், அடியிலுள்ள உப்பு எல்லை 40 சென்ரிமீற்றர் மேலே வரும். கயிற்றால் அள்ளிய காலத்தில் இது பெரிதாகத் தெரியவில்லை. மோட்டர் பூட்டி ஒரே இடத்தில் மணிக்கணக்காக இறைக்கும்போது குழாயின் வாய்க்குக் கீழே உப்புநீர் கூம்பாக எழும்பி வருகிறது. ஒருதரம் உவர்ப்பேறிய கிணறு மோட்டரை நிறுத்தியதும் மாறிவிடாது. அடுத்த மாரிமழை வரவேண்டும். சில கிணறுகளுக்கு ஒரு மாரி போதாது. ஆழமாகத் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று மலைநாட்டிலோ வன்னியிலோ சொல்லலாம். இங்கே ஆழப்படுத்துகிறவர் உப்பைத் தேடிப் போகிறார். மன்னார் நகரத்துக்கான குழாய்நீர் பெருநிலத்தில் முருங்கன் பக்கத்து ஆழ்கிணறுகளிலிருந்து வருவதற்குக் காரணமும் இதுவே. குடிநீருக்கும் தீவு ஒரு வாசலை நம்பித்தான் இருக்கிறது.

வடக்கே பாக்கு விரிகுடா, ஆழம் குறைந்தது, கடற்புல் நிறைந்தது. தெற்கே மன்னார் வளைகுடா, கரையை விட்டுச் சற்று விலகினால் ஆழம் பிடிக்கும். சோழகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, மே முதல் செப்டெம்பர்வரை தென்கரையை அடித்துக்கொண்டிருக்கும். அப்போது தொழில் வடகடலுக்கு மாறும். வாடைக்காற்றில் வடகடல் குழம்பும், தென்கடல் அடங்கியிருக்கும். தீவு ஒடுங்கியது என்பதால் ஒரே சம்மாட்டி (படகும் வலையும் சொந்தமாக உள்ளவர்) இரண்டு கரையிலும் வாடி, அதாவது கரையோரக் குடில், வைத்திருக்க முடிகிறது. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து பருவத்துக்கு வந்து வாடியடித்துப் போகும் கடற்றொழிலாளரும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். வெளியூர்ப் படகு எப்போது வரலாம், எந்தக் கரையில் இறங்கலாம், என்ன வலை போடலாம் என்பது ஊர்ச் சங்கங்களுக்குள் வருடந்தோறும் எழும் பிணக்கு. மாவட்டத்தின் நெல் முழுக்கப் பெருநிலத்தில், பெரும்பாலும் கட்டுக்கரைக் குளத்தின் கீழ், முருங்கன், நானாட்டான் பக்கமாக விளைகிறது. தீவு அரிசியை வாங்குகிறது, மீனை விற்கிறது.

வாசல் திறந்ததும் அடைபட்டதும்

பாம்பன் பாலமும் தலைமன்னார் ரயில்பாதையும் 1914இல் சேர்ந்தே பயன்பாட்டுக்கு வந்தன. சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறி, கொழும்பு கோட்டையில் இறங்கினார். அந்த ஐம்பது வருடமும் தலைமன்னார் ஒரு மாறுமிடம். சுங்கம், தொற்றுநோய்ப் பரிசோதனை, சுமைகூலி, ரயில்வேக் குடியிருப்பு என்று அரசாங்கச் சம்பளமும் தினக்கூலியும் புழங்கிய ஊர்.

1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. வழி நீண்டது, ஆனாலும் வாசல் அடைபடவில்லை. அதே ஆண்டு ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. அப்படிப் போனவர்கள் தோட்டத்திலிருந்து ரயிலேறி, இந்த இறங்குதுறையில்தான் இலங்கை மண்ணைவிட்டு இறங்கினார்கள். தங்கள் பாட்டன்மார் கூலிக்கு வந்து கரையேறிய அதே மன்னார்க் கரை. கொழும்பில் இன்றும் கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கங்களில் அந்த ரயிலைப் பற்றிச் சொல்லக்கூடிய குடும்பங்கள் இருக்கின்றன.

போர் தொடங்கியதும் 1980களின் நடுப்பகுதியில் கப்பல் நின்றது. 1990இல் ரயில்பாதையும் தாம்போதிப் பாலமும் போயின. அந்த ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி போன்ற தீவு ஊர்களின் மக்கள் படகுகளில் கற்பிட்டிக்குப் போனார்கள். இன்னொரு பக்கம் தமிழ்க் குடும்பங்கள் தலைமன்னாரிலிருந்தும் பேசாலையிலிருந்தும் இரவில் இராமேஸ்வரம் பக்கம் படகேறின. சட்டப்படி வாசல் ஒன்றும் இல்லாத காலத்தில் கடல்தான் வழியாக இருந்தது.

புதிய பாலம் ஜப்பானிய உதவியோடு 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. இந்தியக் கடனில் கட்டிய ரயில்பாதை 2015 மார்ச் 14இல் தலைமன்னாரைத் தொட்டது. கொடியசைத்தவர் இந்தியப் பிரதமர் மோடி; ஆனால் அந்தப் பாதை இந்தியாவுக்குப் போகவில்லை. திரும்பி வந்தது தெற்கு வாசல் மட்டும்.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு: புத்தளத்திலிருந்து எழுவன்குளம், மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை வழியாக நேரே மன்னார். கொழும்புத் தூரத்தில் ஏறத்தாழ 70 கிலோமீற்றர் மிச்சம். அது வில்பத்து தேசிய பூங்காவை ஊடறுக்கிறது. சூழலியலாளர் வழக்குக்குப் போனார்கள். கலாஓயாச் சப்பாத்துப்பாலம் மழைக்காலத்தில் நீரில் மூழ்கும். மீன் ஏற்றும் லொறி நம்பிப் போகக்கூடிய பாதையாக அது இல்லை. புத்தளத்தில் இடம்பெயர்ந்து வாழ்ந்து, இரண்டு இடத்திலும் வீடும் உறவும் வைத்திருக்கும் மன்னார் முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்த 70 கிலோமீற்றர் வேறு கணக்கு. பிள்ளையின் பள்ளிக்கூடம் அங்கே, தென்னங்காணி இங்கே. காட்டைக் காப்பது சரியான வாதம். ஆனால் மதவாச்சியைச் சுற்றிப் போகும் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையும் அந்த வாதத்தில் சேர்த்துப் பேசவேண்டும்.

அடுத்த கரையின் நாட்காட்டி

1974 ஜூன் உடன்படிக்கை பாக்கு நீரிணையிலிருந்து ஆதாம் பாலம்வரை கோடு கிழித்தது. கச்சதீவு இலங்கைப் பக்கம் வந்தது. 1976 மார்ச் உடன்படிக்கை அந்தக் கோட்டை மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நீட்டியது. அதோடு பரிமாறிய கடிதங்களில், ஒரு நாட்டின் படகு மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று எழுதப்பட்டது. கோடு வரைந்தவர்கள் மீன் இருக்கும் இடத்தைப் பார்த்து வரையவில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் இழுவைப்படகுகள் பெருகி, அங்கே அடிநிலம் வழிக்கப்பட்ட பிறகு, மீன் மிச்சம் இருந்தது போரினால் தொழில் முடங்கிக் கிடந்த இலங்கைப் பக்கத்தில்.

இப்போது நடப்பதன் பொறிமுறை இது. நண்டு வலை அடியில் நிற்கும் செவுள் வலை. பல துண்டுகளைத் தொடுத்து, இரண்டு முனையிலும் கல்லும் மிதவையும் கொடியும் கட்டி, பின்னேரம் போட்டு விடியப்புறம் எடுப்பார்கள். இரவு முழுவதும் கடலில் காவலில்லாமல் கிடக்கும். இழுவைமடியின் பலகைகள் அடிநிலத்தை உரசிக்கொண்டு வரும்போது, அந்த வலை மிதவையோடு சுருண்டு போய்விடும். இருட்டில் கொடி தெரியாது. தெரிந்தாலும் இழுக்கும் படகு சட்டென்று திரும்பாது.

இராமேஸ்வரம் பக்கத்து இழுவைப்படகுகள் கிழமையில் மூன்று நாள், திங்கள், புதன், சனி, கடலுக்குப் போகும் வழமையைக் கைக்கொள்கின்றன. அது அவர்களின் நாட்டுப்படகுகளோடு மோதாமல் இருக்க உண்டான ஏற்பாடு. பாக்கு விரிகுடாவின் இந்தப் பக்கத்துக் கடற்றொழிலாளர் தங்கள் வேலை நாளை அதற்கேற்ப வைத்துக்கொண்டார்கள்: அந்த மூன்று இரவும் வலை போடுவதில்லை, அல்லது கரைக்கு மிகக் கிட்டப் போடுகிறார்கள். ஏழு இரவில் மூன்று என்றால் உழைப்பு நேரத்தில் 43 சதவீதம். கரைக்குக் கிட்டப் போடுவதிலும் நட்டம் உண்டு. கடற்புல் தரையில் கிடைப்பது சிறு நண்டும் வளர்ந்து முடியாததும். அடுத்த வருடத்து நண்டை இந்த வருடமே கிலோக் கணக்கில் மலிவாக விற்பதாகிவிடும்.

இந்தியக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14வரை 61 நாள் இழுவைத் தடை. அந்த நாட்களில்தான் இங்கே வலை நிம்மதியாகக் கிடக்கும். அதே நாட்களில் சோழகமும் எழும்பத் தொடங்குவதால், தென்கரைத் தொழிலும் வடகடலுக்கே வந்து நெரிசலாகிறது. பிடிபடும் மீன் கூடிய அந்த வாரங்களில் விலை இறங்குவதும் இதனால்தான். இதைக் கொழும்பு வியாபாரி நன்றாகவே அறிவார்.

2017இல் இலங்கை அடியிழுவையை முற்றாகத் தடைசெய்தது. அந்தச் சட்டம் எல்லை தாண்டி வரும் படகுக்கு எதிரான ஆயுதம் என்று கொழும்பில் பேசப்பட்டது. ஆனால் பேசாலையிலும் இழுவைமடித் தொழில் இருந்தது. கடனெடுத்துப் படகு வாங்கியவர்கள் இருந்தார்கள். இந்தியப் படகைப் பிடி என்று கேட்கும் ஊருக்குள்ளேயே, எங்கள் படகை விடு என்று கேட்பவர்களும் இருப்பதால், கடற்றொழில் சங்கங்களின் குரல் ஒன்றாக இருப்பதில்லை. 2024இல் மட்டும் 500க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களைக் கடற்படை கைதுசெய்தது. கைதானவர் கூலிக்குப் போனவர். படகின் சொந்தக்காரர் பெரும்பாலும் கரையில் இருக்கிறார். கைது எண்ணிக்கை கூடினாலும் அறுந்த வலைக்கு யாரும் பணம் தருவதில்லை என்பதுதான் தீவின் பக்கத்துக் குறை.

எடையைக் கொண்டு ஒரு கணக்கு

தொழிற்சாலை எங்கே அமையும் என்பதற்கு ஜெர்மன் பொருளியலாளர் அல்ஃப்ரெட் வெபர் 1909இல் சொன்ன விதி இன்றும் உதவுகிறது: மூலப்பொருள் பதப்படுத்தும்போது எவ்வளவு எடையை இழக்கிறதோ, அவ்வளவுக்குப் பதப்படுத்துமிடம் மூலப்பொருளின் பக்கம் இழுபடும். மன்னாரிலிருந்து வெளியே போகும் சரக்குகளை இந்த வரிசையில் வைத்தால் கூலி எங்கே தங்குகிறது என்பது தெளிவாகும்.

முதலில் பச்சை மீன். எடை குறையாது, கூடும். 30 பாகை வெப்பத்திலுள்ள ஒரு கிலோ மீனைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ மூன்றில் ஒரு கிலோ ஐஸ் உருகவேண்டும். ஆகவே 1,000 கிலோ மீனைக் குளிர்த்த மட்டும் 320 கிலோவுக்கு மேல் வேண்டும். அதற்குமேல் கொழும்புக்கு அருகே பேலியகொடைச் சந்தைவரை ஏழெட்டு மணி நேரம் பெட்டியின் சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பத்துக்கும், ஐஸ் ஆலையிலிருந்து கரைக்கு வரும்வரை கரைவதற்கும் சேர்த்தால், மீனளவுக்கு ஐஸ் என்பதே பாதுகாப்பான கணக்கு. லொறி இரண்டு தொன் ஏற்றினால் அதில் மீன் ஒரு தொன். மற்றத் தொன் தண்ணீராகி வீதியில் சிந்துகிறது. அதற்கும் டீசல் எரிகிறது.

அடுக்கும் முறையில் தப்புவது, கெடுவது இரண்டும் இருக்கின்றன. கீழே ஐஸ், பிறகு ஒரு வரிசை மீன், மேலே ஐஸ், இப்படியே; கடைசியில் ஐஸால் மூடவேண்டும். ஐஸ் பார் நன்றாக உடைபடாமல் பெரிய கட்டியாக இருந்தால், கட்டி தொடாத மீன் சூடாகவே கிடக்கும். கூர் முனை தோலைக் கிழிக்கும். பெட்டியில் நீர் வடிய ஓட்டை இல்லாவிட்டால் இரத்தநீரில் மீன் ஊறி, கண் வெளுத்து, செவுள் பழுப்பாகிவிடும். ரெஜிபோம் பெட்டிகளில் இதுதான் அடிக்கடி நடப்பது. சூடை, கீரி போன்றவை இரை நிறைந்த வயிற்றோடு பிடிபட்டால் சமிபாட்டு நொதிகளே வயிற்றை வெடிக்கவைக்கும். ஐஸ் ஒரு மணி நேரம் பிந்தினாலே போதும். கும்பிளா, சூரை வகையில் வெப்பம் ஏறினால் ஹிஸ்ரமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். அது பிறகு ஐஸிலும் போகாது, சமையலிலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தடிக்கும்.

பேலியகொடை மத்திய மீன் சந்தையில் வியாபாரம் விடியுமுன் நடக்கிறது. அதற்கு லொறி முன்னிரவிலேயே தீவைவிட்டுப் புறப்படவேண்டும். அதற்குமேல் பிடிபட்ட மீன் அடுத்த இரவுவரை காத்திருக்கும். சந்தை நேரத்துக்குப் பிந்திய லொறிக்கு அன்றைய விலை இல்லை. திருப்பிக் கொண்டுபோக முடியாத சரக்கு என்பது வாங்குபவருக்கும் தெரியும். இதோடு முற்பணம் சேர்கிறது. வலைக்கும் இயந்திரத்துக்கும் முதலாளி காசு கொடுப்பார், வட்டி வாங்கமாட்டார். பதிலுக்கு மீன் அவருக்கே, அவர் சொல்லும் விலையில். கிலோவுக்குக் குறையும் அந்த ரூபாய்தான் வட்டி. கணக்குப் புத்தகத்தில் அது தெரியாது. வெளியிணைப்பு இயந்திரங்கள் பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியபோது, கையில் காசில்லாத படகுகள் எண்ணெய்க்கும் முற்பணம் வாங்கின. அந்தக் கடன் விலை இறங்கியதும் போய்விடவில்லை.

அடுத்தது கருவாடு. 1,000 கிலோ மீன் ஏறத்தாழ 350 கிலோவாகச் சுருங்கும். குடலை எடுத்து, முதுகு வழியே பிளந்து, கழுவி, மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்று தொட்டியில் அடுக்கி, ஒன்றிரண்டு நாள் ஊறவிட்டு, மேலுப்பைக் கழுவி, பரணில் மூன்று முதல் ஐந்து நாள் காயவைக்கவேண்டும். மணலில் நேரடியாகப் போட்டால் அடிப்பக்கம் காயாது, மண் கடிபடும். உப்பு புதிதாக அள்ளியதாக இருந்தால் அதில் மக்னீசியம் மிச்சம் இருக்கும்; கருவாடு கசக்கும், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். ஆகவே ஒரு மழைக்காலம் குவித்துவைத்துக் கசடு வடிந்த உப்பே நல்லது. சூரிய உப்போடு வரும் ஒருவகை நுண்ணுயிர், ஈரமான களஞ்சியத்தில் கருவாட்டைச் சிவப்பாக்கும். கொழும்பு புறக்கோட்டை மொத்த வியாபாரி முதலில் பார்ப்பது இந்தச் சிவப்பைத்தான்; ஒரு கட்டில் கண்டால் மூட்டை முழுவதற்கும் விலை குறைப்பார். ஆனாலும் கருவாடு காத்திருக்கும். விலை சரியில்லையென்றால் இன்னும் இரண்டு கிழமை வைத்திருக்கலாம். பேரம் பேசும் பலம் மீன்காரருக்கு இல்லாமல் கருவாட்டுக்காரருக்கு இருப்பது இதனால்தான். நவம்பர், டிசம்பர் மழையில் காயவைக்க முடியாதபோது அந்தப் பலமும் போய்விடும்.

நண்டில் எடை இழப்பு இன்னும் கூட. ஒரு கிலோ நீலக்கால் நண்டிலிருந்து கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான சதைதான் கிடைக்கும். ஓடு முக்கால் பங்கு. அதனால் அவித்து, சதை பிரிக்கும் நிலையங்கள் வடக்கிலேயே அமைந்தன; வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். உடையாத பெரிய சதைக்குத் தனி விலை என்பதால் விரல் பழக்கம் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கச் சந்தைக்குப் போகும் பாச்சர் முறையில் சூடாக்கி நுண்ணுயிர் அழித்த நண்டுச் சதையின் முதல் கூலி இங்கேதான் கொடுக்கப்படுகிறது. கடலில் மூன்று இரவு வலை போடாவிட்டால் இந்த மேசைகளிலும் மூன்று நாள் வேலை குறையும்.

கடல் அட்டை வரிசையின் மறுமுனை. குடலை நீக்கி, அவித்து, ஓரிரவு மணலில் புதைத்து மேல்சுண்ணாம்புப் படையை அழுகவிட்டுத் தேய்த்து, மறுபடி அவித்து, காயவைத்து முடியும்போது பச்சை எடையில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஒரு கைப்பெட்டி நிறையக் கொழும்புக்கு அனுப்பினால் போதும். உள்ளூரில் ஒருவரும் சாப்பிடாத பொருள். விலை முழுக்கச் சீனச் சந்தையில் இருக்கிறது. ஆகவே பதப்படுத்தல் இங்கே இருந்தும், தரம் பிரிப்பவர் சொல்வதே விலை. வெபரின் விதி கூலி எங்கே தங்கும் என்று சொல்லும்; விலை யார் கையில் என்று சொல்லாது.

எடையே இல்லாத சரக்கு

தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை அமைத்த 'தம்பபவனி' காற்றாலை நிற்கிறது: 3.45 மெகாவாற் சுழலிகள் 30, மொத்தம் 103.5 மெகாவாற். ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் கட்டப்பட்டு 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. நடுக்குடாத் துணைமின்நிலையத்திலிருந்து 220 கிலோவோல்ற் இணைப்பில் மின்சாரம் அனுராதபுரம் பக்கமாகத் தேசிய வலையமைப்புக்குப் போகிறது. தென்கரைக் கடற்றொழிலை நிறுத்தும் அதே சோழகம்தான் இந்தச் சுழலிகளுக்கு ஆண்டின் மிகச் சிறந்த காற்று.

மின்சாரத்துக்கு ஐஸ் வேண்டாம், லொறி வேண்டாம், கெட்டுப்போகாது. அதனாலேயே வழியில் கூலி தங்க இடமில்லை. கட்டும்போது வேலை உண்டு. ஓடும்போது ஒரு சில பொறியியலாளரும் காவலாளரும் போதும். விற்பனை விலையும் பட்டியலும் கொழும்பில். அதானி குழுமம் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் அமைக்க எடுத்த முயற்சி, அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலையைப் புதிய அரசு மறுபடி பேச முற்பட்டதோடு, 2025 பெப்ரவரியில் கைவிடப்பட்டது. அந்த விவாதம் முழுவதும் விலை எவ்வளவு என்பதைப் பற்றியதாகவே தென்னிலங்கையில் நடந்தது. தீவுக்குள் நடந்த விவாதம் வேறு.

அங்கே முதல் முறைப்பாடு வெள்ளம். தீவின் இரு கரையிலும் மணல்மேடு, நடுவே தாழ்வு. மாரிமழை நீர் அந்தத் தாழ்வுகளின் வழியே மெல்ல நகர்ந்து கடலுக்குப் போகும். சுழலியின் அடித்தளத்துக்குப் பாரந்தூக்கி போகப் பாதையை உயர்த்திக் கட்டவேண்டும். மதகுகளை எண்ணிக்கையிலோ மட்டத்திலோ குறைத்து வைத்தால், உயர்த்திய பாதை அணைக்கட்டாகிவிடும். ஒரு சாண் உயர வித்தியாசம் ஒரு கிராமத்துக் கிணறுகளை அழுக்கு நீரில் மூழ்கடிக்கப் போதும். இரண்டாவது, மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளின் வழி. பெருநிலத்துப் பக்கத்தில் வங்காலைச் சரணாலயம், சர்வதேச முக்கியத்துவம் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட ராம்சார் ஈரநிலம். மூன்றாவது, இல்மனைற் (ரைற்றேனியம் தாது) மணல் அகழ்வுத் திட்டங்கள். கடல்மட்டத்தோடு ஒட்டிய நிலத்தில் மணலை எடுத்து, மீதியைத் திரும்பப் போட்டாலும் நிலம் முன்பிருந்த உயரத்துக்கு வராது. முன்னே சொன்ன நாற்பது மடங்குக் கணக்கு அங்கேயும் வேலை செய்யும். 2025 ஓகஸ்ட்டில் மன்னாரில் தொடர்ந்த போராட்டத்தின்பின் புதிய காற்றாலை வேலைகள் ஒரு மாதத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டன. தூய மின்சாரத்தை எதிர்க்கிறார்கள் என்று அதைக் கொழும்பில் படித்தவர்கள், அந்த ஊர்களின் மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஆட்கள்

2012 கணக்கெடுப்பில் மாவட்டம் முழுவதிலும் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த மக்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் தீவை உள்ளடக்கிய மன்னார் நகரப் பிரதேச செயலகப் பிரிவில். கத்தோலிக்கர் கூடுதல், முஸ்லிம், இந்து ஊர்கள் இடையிடையே. கடலும் காணியும் இன்னும் இந்த ஊர்ப் பிரிவுகளின்படிதான் பகிரப்படுகின்றன. இருபது வருடத்துக்குப் பிறகு திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகப் பெருகி வந்தன; விட்டுப்போன காணி ஒன்றுதான். புத்தளத்தில் பிறந்தவருக்கு மன்னார்ப் பதிவு கேட்டுப் போகும்போது பிரதேச செயலகத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி எங்கே நிரந்தரமாக இருக்கிறீர்கள் என்பது. இரண்டு இடத்திலும் என்பது உண்மையான பதில். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

2022 பொருளாதார நெருக்கடியில், மார்ச் மாதத்திலிருந்து, வடக்கிலிருந்து குடும்பங்கள் மறுபடி படகேறின. ஆதாம் பாலத்தின் மணல்திட்டுகளில் இரவில் இறக்கிவிடப்பட்டு, இந்தியக் கரையோரக் காவல் வந்து ஏற்றும்வரை குழந்தைகளோடு காத்திருந்தன. அந்த மாதங்களில் கடவுச்சீட்டோடு போக வேண்டுமானால் முதலில் தெற்கே கட்டுநாயக்கவுக்குப் போய், விமானத்தில் சென்னை சென்று, அங்கிருந்து மறுபடி தெற்கே வரவேண்டியிருந்தது.

கப்பல் வந்தால்

2023 ஜூலையில் இரு அரசுகளும் வெளியிட்ட கூட்டுத் திட்ட ஆவணத்தில் இராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் சேவையும் தரைவழி இணைப்பும் சொல்லப்பட்டன. நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்ட்டில் மறுபடி ஓடியது. தலைமன்னார் இன்னும் காத்திருக்கிறது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று.

இங்கே ஒரு பொதுவான எதிர்பார்ப்பைக் குறைக்கவேண்டியிருக்கிறது. மன்னார் மீன் இராமேஸ்வரத்தில் விலைபோகாது. அங்கேயும் அதே மீன், அதே நண்டு, அதே கருவாடு. பொருள் வித்தியாசம் இருப்பது இன்னும் உள்ளே, மதுரைக்கும் கொழும்புக்கும் இடையில். பயணிகள் கப்பல் என்றால் கைப்பொதி மட்டும் போகும். சரக்கு என்றால் குளிர்களஞ்சியம், மீன் மற்றும் தாவரத் தனிமைப்படுத்தல் பரிசோதனை, சுங்க அலுவலர், ஆழம் குறைந்த கடலுக்கேற்ற கப்பல் ஆகிய எல்லாம் ஒன்றாக வரவேண்டும். ஒன்று குறைந்தாலும் மீன் ஏ14 வீதியிலேயே போகும்.

தீவுக்குக் கிடைக்கக்கூடியது மாறுமிடத்தின் வருமானம்: தங்குமிடம், சாப்பாடு, முச்சக்கரவண்டி, சுமைகூலி, திருக்கேதீச்சரக் கோயிலுக்கும் மடு மாதா தேவாலயத்துக்கும் போகிறவர்களின் ஒரு நாள் செலவு. அதுவும் ஓர் அட்டவணையில் தங்கியிருக்கிறது. கப்பல் காலையில் வந்து, இறங்குதுறையில் காத்து நிற்கும் ரயில் அரை மணியில் கிளம்பினால், பயணி கொழும்பில் போய்த்தான் சாப்பிடுவார். தலைமன்னாரில் ஒரு தேநீர் விற்கும். கப்பல் பகலில் வந்து கொழும்பு ரயில் இரவில் கிளம்பினால், இடையிலுள்ள ஐந்தாறு மணி நேரம் பயணி ஊருக்குள் இருப்பார். சேவையைத் திட்டமிடும் மேசையில் ரயில்வேயின் நேர அட்டவணைக்காரரும் மன்னார்ப் பிரதேச சபையும் உட்கார்ந்திருக்கிறார்களா என்பதைக் கப்பலுக்கான கேள்விப்பத்திரம் வெளிவருமுன் கேட்கவேண்டும். வந்தபின் அட்டவணை கப்பல் நிறுவனத்தின் வசதிக்கே அமையும்.